டென்டில் மூன்று நாள், கையில் இரண்டு லிட்டர் தண்ணீர்: காட்டில் சுத்தமாக இருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கத்திலிருந்து நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பல வருடமாக மலைக்குப் போய் வருகிறேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு புதிதாக வருபவர்களிடமிருந்து போன் வரும். வழியைப் பற்றியோ யானையைப் பற்றியோ கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பேன். அவர்கள் கேட்பது குளிப்பதைப் பற்றி, கக்கூஸைப் பற்றி, அட்டையைப் பற்றி. நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போனதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. அதனால் இங்கே நான் சொல்வது அனுமதி வாங்கிய இடங்களுக்கும், கொழுக்குமலை மாதிரி எஸ்டேட் ஓரத்து டென்ட் முகாம்களுக்கும், எல்லை தாண்டி கேரளத்து மீசப்புலிமலை போன்ற இடங்களுக்கும்தான்.

மூன்று நாள் குளிக்காமல் இருக்க முடியுமா?

முடியும். தினம் இரண்டு வேளை குளித்துப் பழகிய நமக்குத்தான் அது பெரிய விஷயமாகத் தெரிகிறது. இரண்டாம் நாள் மாலை கொஞ்சம் அருவருப்பாக இருக்கும். மூன்றாம் நாள் கூட இருப்பவர்களும் அதே நாற்றத்தில் இருப்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது.

காட்டில் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியது மூன்றே இடம்: கை, பாதம், இடுப்புக்குக் கீழே. முதுகில் அழுக்கு இருந்தால் நாற்றத்தோடு போயிற்று. கையில் அழுக்கு இருந்தால் வயிற்றுப்போக்கு. விரல் இடுக்கில் ஈரம் இருந்தால் சேற்றுப்புண். தொடை இடுக்கைக் கவனிக்காவிட்டால் மூன்றாம் நாள் காலை அகட்டிக்கொண்டு வாத்து நடை நடக்க வேண்டியதுதான். இந்த மூன்றுக்கும் ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

ஓடை பக்கத்திலேயே ஓடுகிறதே, இறங்கிக் குளித்தால் என்ன?

நிறையத் தண்ணீர் ஓடுகிறது, கூட வரும் உள்ளூர் வழிகாட்டி சரி என்கிறார், வெயில் இருக்கிறது என்றால் முங்கி எழலாம். வெறும் உடம்போடு. வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முங்கிவிட்டுத்தான் ஏழாவதுக்குப் போவார்கள். சோப்பு நினைவுக்கே வராத குளிர் அது. அப்படியொரு முங்கல் போதும்.

ஆனால் கோடையில் சோலை ஓரத்து ஓடை பல இடங்களில் கணுக்கால்கூட நனையாத அளவுக்குத்தான் இருக்கும். அதில் பத்துப் பேர் இறங்கினால் கலங்கிச் சேறாகிவிடும். அப்புறம் நீங்கள் பூசியிருக்கும் கொசு விரட்டி, சன் ஸ்க்ரீன், தலை எண்ணெய் எல்லாமே தண்ணீரில்தான் கரையும். சோப்பே போடாவிட்டாலும் நாம் சுத்தமான ஆள் இல்லை. அதனால் ஓடையில் இறங்குமுன் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துத் தள்ளிப் போய் கை, கால், முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள்.

நேரமும் முக்கியம். விடியற்காலையும் அந்தி நேரமும் விலங்குகள் தண்ணீருக்கு வரும் நேரம். பாறை மேல் துணியைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிர்க்கரையில் காட்டுமாடு நிற்பது நல்ல அனுபவம் இல்லை. குளிப்பதென்றால் பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள்.

குடிக்கத் தண்ணீர் எடுக்கும் இடம் மேலே, குளிக்கும் இடம் கீழே. இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ரசாயன சோப்பு கொண்டுவரவில்லை. சீயக்காய், பூந்திக்கொட்டை போட்டு ஓடையில் குளிக்கலாமா?

இயற்கைப் பொருள் என்றால் தண்ணீருக்கு நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கதை அப்படி இல்லை. பூந்திக்கொட்டையில் நுரை வருவதற்குக் காரணம் சபோனின் என்ற பொருள். சீயக்காயிலும் அதுதான். இந்தச் சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். பூந்திக்கொட்டையை இடித்துத் தேங்கிய தண்ணீரில் கலக்கி, மயங்கி மிதக்கும் மீனை அள்ளுவது பல ஊர்களில் இருந்த பழைய மீன்பிடி முறை. நம் தலைக்கு இதமான அதே நுரை மீனுக்கு மயக்க மருந்து.

'மக்கும் சோப்பு' என்று விற்பதும் அப்படித்தான். மக்குவது உண்மை, ஆனால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பது மண்ணில். ஓடும் தண்ணீரில் அது சோப்பாகவேதான் கீழே போகும். எந்தச் சோப்பானாலும் தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய்ப் போடுங்கள். பெரியவர்கள் நடையில் எழுபது, எண்பது எட்டு. அழுக்குத் தண்ணீரை மண் குடிக்கட்டும்.

குற்றாலத்தில் அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை இருக்கிறது. அங்கே தடுக்க ஆள் நிற்கிறார். மலைக்குள் யாரும் நிற்பதில்லை. கோவைக்காரர் குடிக்கும் சிறுவாணியும் நெல்லைக்காரர் குடிக்கும் தாமிரபரணியும் இதே மாதிரி சோலைக்குள் பிறக்கும் சின்னச் சின்ன ஓடைகள் சேர்ந்து வருவதுதான்.

சரி, இரண்டு லிட்டரில் எப்படிக் குளிப்பது?

நம் ஊரில் காக்காய்க் குளியல் என்று கிண்டல் செய்வோமே, அதையே ஒழுங்காகச் செய்வது.

ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் நன்றாகச் சுடவைத்து, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் வெதுவெதுப்பாக இரண்டு லிட்டர் கிடைக்கும். அடுப்பு இல்லையென்றால் மதியம் பாட்டிலை வெயில்படும் பாறையில் சாய்த்து வைத்துவிடுங்கள். மூன்று மணிக்குக் குளிர் போயிருக்கும். ஓடையிலிருந்து தள்ளி, செடி அதிகம் இல்லாத இடமாகப் பாருங்கள்.

முதலில் துண்டின் ஒரு முனையை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, காதுக்குப் பின்னால் துடைக்க வேண்டும். அப்புறம் அக்குள். அதற்குப் பிறகுதான் கடுகளவு சோப்பு, அதுவும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் இந்த மூன்றுக்கு மட்டும். உடம்பு முழுக்கச் சோப்புப் போட்டால் அலசத் தண்ணீர் பத்தாது. பிசுபிசுவென்று நின்றுகொண்டு வாட்டர் பாட்டிலைத் தேடுவீர்கள். முக்கால் பங்குத் தண்ணீரை இடுப்புக்குக் கீழே ஒதுக்குங்கள். பாதம் கடைசி.

துண்டு என்றதும் டர்க்கி டவலை எடுத்து வராதீர்கள். ஒருமுறை நனைந்தால் மலை ஈரத்தில் மூன்று நாளைக்குக் காயாது, முக்கால் கிலோ கனக்கும். மெல்லிய ஈரிழைத் துண்டு போதும். பையின் மேல் விரித்து ஊக்குப் போட்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கடைகளில் மலையேற்றத் துண்டு என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். வாங்கியும் பார்த்தேன், ஈரிழைக்கே திரும்பிவிட்டேன்.

பெண்கள் எப்படிக் குளிப்பது? மறைவே இல்லையே?

ஆற்றங்கரையில் நம் பாட்டிகள் குளித்தது மாதிரிதான். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு உள்ளேயே துடைத்து, உள்ளேயே உடை மாற்றிக்கொள்ளலாம். காட்டன் நைட்டியும் சரி. எங்களோடு வரும் தோழிகள் இரண்டு பேர் சேர்ந்துதான் போவார்கள். ஒருவர் குளிக்க, ஒருவர் வழியைப் பார்த்து நிற்பார். ஆண்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே பெரிய உதவி.

'ஒதுங்க' எங்கே போவது? எப்படி?

எல்லோரும் கேட்க நினைத்து, பாதிப் பேர் கேட்காமல் விடும் கேள்வி. கேட்காதவர்கள்தான் பாதையோரம் பாறைக்குப் பின்னால் வைத்துவிட்டு வருகிறார்கள்.

முகாமில் கழிப்பறைக் கூடாரம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் குழிதான். ஓடை, பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் அந்த 60 மீட்டர் தள்ள வேண்டும். காய்ந்து கிடக்கும் ஓடைப் பள்ளத்தில் தோண்டக் கூடாது; ஒரு மழை வந்தால் அது ஓடைதான். கறுப்பாக, இலை மக்கிய மண்ணாகப் பாருங்கள். வீட்டுத் தோட்டத்துக் களைக்கொத்து ஒன்று குழுவுக்குப் போதும். அகலம் ஒரு சொம்பு இறங்குகிற அளவு. ஆழம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஆழமாகத் தோண்டினால் இன்னும் நல்லதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. மக்கவைக்கும் உயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். சும்மா சருகைத் தள்ளி மூடுவதும் பயனில்லை. ராத்திரியே காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிடும்.

மேலே எடுத்த மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். முடிந்ததும் கொஞ்சம் மண்ணைப் போட்டு ஒரு குச்சியால் கலக்கிவிட்டு, குச்சியையும் உள்ளேயே போட்டு, மீதி மண்ணால் மூடி மிதித்துவிடுங்கள். கலக்குவது அசிங்கமாக இருக்கும். ஆனால் மண்ணோடு கலந்தால்தான் சீக்கிரம் மக்கும்.

கழுவுவதற்கு நம் பழக்கமே காட்டுக்குத் தோது. காகிதத்தை நம்பியிருப்பவர்கள் அந்தக் காகிதத்தை என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நமக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும். மூடியில் ஊசியைச் சுடவைத்து ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். வலது கையால் பாட்டிலை அமுக்கினால் பீய்ச்சும்; இடது கையால் கழுவலாம். கால் லிட்டரில் வேலை முடிந்துவிடும். தண்ணீர் குழிக்குள்ளேயே விழட்டும். பாட்டிலில் பெரிதாகக் குறி போட்டு வையுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் இருட்டில் அதை எடுத்து டீக்குத் தண்ணீர் ஊற்றிய கதை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திரும்பி வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவ வேண்டும். சானிட்டைசர் இல்லை, சோப்பு.

ராத்திரியில் அவசரமாக வந்தால்?

சிறுநீர் என்றால் டென்டிலிருந்து பத்துப் பதினைந்து அடி போதும், வெளிச்சம் போட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு. மற்றது என்றால் தனியாகப் போகாதீர்கள். யாரையாவது எழுப்புங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. படுக்குமுன் ஒதுங்கிவிட்டு வரப் பழகுங்கள். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் வழிகாட்டி வெளியே வராதே என்றால் வரக் கூடாது. வாய் அகன்ற பாட்டில் ஒன்று உள்ளே வைத்திருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

வெட் வைப்ஸ் கொண்டுவந்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

துடைக்க வசதிதான். ஆனால் அது காகிதம் இல்லை. பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. புதைத்தாலும் மக்காது, எரித்தால் உருகும். எத்தனை எடுத்துப் போனீர்களோ அத்தனையும் திரும்பி வர வேண்டும். பத்து வைப்ஸ் செய்வதை ஒரு நனைந்த ஈரிழைத் துண்டு செய்துவிடும்.

மாதவிடாய் நாளில் போகலாமா?

போகலாம். தேதி தள்ளிப்போட மாத்திரை போடுவது அவரவர் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டியது. ட்ரெக்கிங் போவதற்காகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று போடாதீர்கள்.

இதை என் தங்கையும் எங்களோடு வரும் தோழிகளும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். நாப்கினைப் புதைக்கக் கூடாது. மக்காது, மிருகம் தோண்டும். பயன்படுத்தியதைச் செய்தித்தாளில் சுற்றி ஒரு ஜிப் லாக் கவரில் போட்டு, கவருக்குள் ஒரு கை காய்ந்த டீத்தூளைப் போட்டால் வாடை அடங்கும். அதை வெளியே தெரியாத கறுப்புக் கவருக்குள் வைத்துக் கட்டிவிடலாம். இரவில் அந்தக் கவர் டென்டுக்குள் வேண்டாம். சாப்பாட்டு மூட்டையை எங்கே தொங்கவிடுகிறோமோ அங்கேயே இருக்கட்டும்.

மென்சுரல் கப் பழகியவர்களுக்குச் சுமையே இல்லை. குழி தோண்டிக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கப்பைக் கழுவலாம். ஆனால் முதல்முறையாகக் கப் போட்டுப் பார்க்கும் இடம் மலையுச்சி இல்லை. வீட்டில் இரண்டு மாதமாவது பழகிவிட்டு வாருங்கள்.

சானிட்டைசர் இருக்கும்போது சோப்பு எதற்கு?

மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய கையில் சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோவைரஸ் போன்ற சிலதுக்கு அது சரியான மருந்தும் இல்லை. சோப்பும் தண்ணீரும் கிருமியைக் கொல்லாவிட்டாலும் வழித்துக்கொண்டு போய்விடும்.

ஒருமுறை எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு இரண்டாம் நாள் வயிறு கலங்கியது. தண்ணீர் மேல்தான் சந்தேகப்பட்டோம். ஆனால் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம். கடைசியில் யோசித்துப் பார்த்தால், வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கியவன் காலையில் ஒதுங்கிவிட்டு நேராக வந்து கத்தியை எடுத்திருக்கிறான். சமைக்காத சாலட் சாப்பிட்டவர்கள் அந்த ஐந்து பேர்தான். அந்த 'அவன்' நான்தான்.

அன்றிலிருந்து டென்ட் போட்டதும் முதல் வேலை கை கழுவும் இடம். ஐந்து லிட்டர் கேனின் அடியில் ஒரு ஆணித் துளை. மூடியை இறுக்கினால் தண்ணீர் நிற்கும், தளர்த்தினால் நூலாக விழும். பக்கத்தில் பழைய நைலான் சாக்ஸில் ஒரு சோப்புத் துண்டைப் போட்டு முடிந்து தொங்கவிடுவோம். சோப்பு மண்ணில் விழாது, சாக்ஸைத் தேய்த்தாலே நுரை வரும். சமையல் செய்யும் இடத்துக்கும் ஒதுங்கும் வழிக்கும் நடுவில் கட்டினால் யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சானிட்டைசரை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பூசியதும் காய்வதற்குள் அடுப்புப் பக்கம் கை நீட்ட வேண்டாம், பற்றிக்கொள்ளும்.

பல் தேய்ப்பது?

பட்டாணி அளவில் பாதிப் பேஸ்ட். துப்புவதை ஒரே இடத்தில் துப்பாமல் தூறலாகத் தெளித்து ஊதுங்கள், ஓடையிலிருந்து தள்ளி. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று யாராவது குச்சி ஒடிக்கக் கிளம்புவார்கள். ஐயாயிரம் அடியில் வேம்பும் இல்லை வேலும் இல்லை, காப்புக்காட்டில் கிளை ஒடிப்பது குற்றமும்கூட. தெரியாத மரத்துக் குச்சியை வாயில் வைப்பது எல்லாவற்றையும்விடத் தப்பு.

அட்டை, சேற்றுப்புண்: காலை எப்படிக் காப்பாற்றுவது?

மழைக்காலத்தில் வால்பாறை, மூணாறு பக்கம் போனால் அட்டை இல்லாமல் வர முடியாது. துணியில் தைத்த அட்டை உறை முழங்கால் வரை வரும். பேன்ட் அதற்குள் போகும்படி இறுக்கிக் கட்டுங்கள். தேயிலைத் தோட்டப் பக்கங்களில் ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடி உப்பைத் துணியில் கிழியாகக் கட்டி, குச்சி முனையில் முடிந்து நனைத்துக்கொள்வது. ஷூவில் ஏறும் அட்டையை அதனால் தொட்டால் சுருண்டு விழுந்துவிடும். ஷூவையும் உறையையும் புகையிலைத் தண்ணீரில் நனைப்பவர்களும் உண்டு.

கடித்து ஒட்டிக்கொண்ட பிறகு உப்புப் போடுவதோ தீக்குச்சியால் சுடுவதோ வேண்டாம். குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடும் என்பார்கள். ஒல்லியாக இருக்கும் முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்து தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விட்டுவிடும். ரத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல்கூடக் கசியலாம். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளை உள்ளே விடுவதுதான் காரணம், பயம் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துணி வைத்து அமுக்குங்கள். அரிக்கும். சொறிந்தால் புண்ணாகும். சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அட்டையைவிட நான் பயப்படுவது ஈரத்துக்குத்தான். நாள் முழுக்க ஈர ஷூவுக்குள் இருந்த பாதத்தைப் பாருங்கள்: வெளுத்து, சுருங்கி, விரல் இடுக்கு வெந்தது மாதிரி இருக்கும். அப்படியே சாக்ஸோடு படுத்தால் மறுநாள் தோல் உரியும். டென்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி, பாதத்தைக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாகத் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். படுக்கும்போது காய்ந்த சாக்ஸ். இந்த ஒரு ஜோடியை எந்தக் காரணத்துக்கும் பகலில் போடக் கூடாது. ஏற்கெனவே சேற்றுப்புண் வரும் கால் என்றால் பூஞ்சைக்கான பவுடர் ஒன்று பையில் இருக்கட்டும்.

எத்தனை செட் துணி?

இரண்டு. நடக்க ஒன்று, படுக்க ஒன்று. நடக்கும் துணி வியர்த்து, காய்ந்து, உப்புப் பூத்து நிற்கும், நிற்கட்டும். காலையில் அந்த ஈரச் சட்டையை மறுபடி மாட்டுவது கொடுமைதான். ஆனால் படுக்கும் துணியில் நடந்து அதையும் நனைத்துவிட்டால் இரவு நடுங்குவீர்கள். ஜட்டி, உள்ளாடை மட்டும் மூன்று. தினம் ஒன்றைச் சோப்பில்லாமல் அலசி, பையில் ஊக்குப் போட்டுக் காயவைத்துக்கொண்டே நடக்கலாம். பின்னால் வருபவர் பார்வைக்கு நான் பொறுப்பில்லை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

வாடகை ஸ்லீப்பிங் பேக்கில் படுக்க அருவருப்பாக இருக்கிறதே?

எனக்கும்தான். நாலு முழ வேட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, அடிப்பக்கத்தையும் ஒரு பக்கத்தையும் மூட்டிவிட்டால் உள்ளே நுழைந்து படுக்க ஒரு உறை கிடைக்கும். பழைய பருத்திச் சேலையும் சரி. உங்கள் வியர்வை பையில் படாது, முந்தைய ஆளின் வியர்வை உங்கள் மேல் படாது. கொஞ்சம் குளிரும் தாங்கும்.

பாத்திரம் கழுவுவது?

கழுவுவதற்கு முன் சாப்பிட்டு முடியுங்கள். அதாவது தட்டில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். எங்கள் வழக்கம், கடைசியில் தட்டில் சூடாக ரசம் ஊற்றி விரலால் சுற்றி அலசி அதையும் குடித்துவிடுவது. பாதிக் கழுவல் அங்கேயே முடிந்தது. அதன்பிறகு தேங்காய் நாரும் கொஞ்சம் வெந்நீரும் போதும். எண்ணெய்ப் பலகாரம் கொண்டுவராமல் இருந்தால் சோப்பே தேவைப்படாது.

கழுவிய தண்ணீரில் பருக்கை இருந்தால் துணியில் வடிகட்டி, பருக்கையைக் குப்பைக் கவரில் போடுங்கள். ஒரு நாள் சோறு கொட்டிய இடத்துக்கு மறுநாள் குரங்கு வரும், இரவில் பன்றி வரும். அதற்கடுத்த வாரம் வரும் குழுதான் அதன் பலனை அனுபவிக்கும்.

குடிநீர்?

கொதிவந்து ஒரு நிமிடம்; 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை என்றால் அதன் உறையில் போட்ட நேரம் காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் அரை மணி. ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே ஒரு காட்டுமாடு நிற்கலாம்.

சென்ட், டியோடரன்ட்?

வேண்டாம். மலைத்தேனீக் கூடு இருக்கும் பாறைக்குக் கீழே மணக்க மணக்க நடப்பது புத்திசாலித்தனம் இல்லை.

தொடை உரசிப் புண்ணாகிறதே?

நடக்கத் தொடங்கும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். எரிந்த பிறகு தடவுவது ஆறுதலுக்குத்தான். இரவில் கழுவித் துடைத்து, தளர்ந்த லுங்கியோடு படுங்கள். லுங்கியைவிடக் காற்றோட்டமான உடையை எந்த மலையேற்றக் கடையும் இன்னும் விற்கவில்லை.

தலைமுடி?

பின்னிக் கட்டி, துணியால் மூடுங்கள். மூன்று நாளில் தலைக்கு ஒன்றும் ஆகாது. சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர முடியோடு குளிரில் படுப்பதுதான் ஆபத்து.

இமயமலைக்கும் இதே முறைதானா?

பாதிதான். டிசம்பரில் கேதார்காந்தா போகும் நம் ஊர்க்காரர்கள் இப்போது நிறைய. அங்கே குளியல் என்ற பேச்சே கிடையாது. பாட்டில் தண்ணீரே உறையும். கழுவும் தண்ணீரையும் ஈரத் துண்டையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. குளிரில் மக்குவது மிக மெதுவாக நடக்கும், பனிக்கு அடியில் தோண்டிப் புதைப்பது வெறும் ஒளித்துவைப்பு. பனி உருகினால் அப்படியே மேலே கிடக்கும். முகாமில் போட்டிருக்கும் கழிப்பறைக் கூடாரத்தையே பயன்படுத்துங்கள், மண்ணை அள்ளி மூடுங்கள். கூட்டமும் குப்பையும் சேர்ந்து புல்வெளிகளைப் பாழாக்கியதால் 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் என்ற உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதையே தடை செய்தது.

குப்பையை எரித்துவிட்டு வரலாமா?

கூடாது. சமையல் அடுப்பைத் தவிர காட்டில் தீ என்ற பேச்சே வேண்டாம். ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் கவர், மாத்திரை அட்டை எல்லாம் ஒரு கவரில் கீழே வரட்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பாக்கெட்டுகளைப் பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டால் கொண்டுவரவும் ஒன்றும் இருக்காது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும்போது சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிடுங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கழுவவும் கை அலம்பவும் நான் சொன்ன பாட்டிலும் கேனும் திரும்பத் திரும்ப எடுத்துப் போகிறவை, வீசி எறிகிறவை அல்ல.

வீட்டுக்கு வந்ததும்?

உடுத்தியதை அப்படியே வாளியில் வெந்நீரில் ஊறப்போடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், ஆசை தீர. குளிக்கும்போது அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் கையால் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் அங்கேதான் இருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் வரும்; நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், பலருக்கு இருக்காது. வலிக்காததால் இருந்தாலும் தெரியாது. விலை குறைந்த ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும், ஆனால் டாக்டருக்குத் தோன்ற வேண்டும். போனதும் முதல் வாக்கியமாக, காட்டுக்குள் போய் வந்தேன் என்று சொல்லிவிடுங்கள்.

டென்டை மொட்டை மாடியில் விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அடுத்த முறை பிரிக்கும்போது வரும் வாடைக்கு முன்னால் நம் மூன்று நாள் வியர்வை ஒன்றுமே இல்லை.